கல் பாதைக்கு சீலர் அடித்தால் பாசி வராதா?

கேள்வி: 2024 ஜனவரி 9, மாலை 6.15

பண்டாரவளையில் இருக்கிறேன். கேட்டில் இருந்து வீட்டு முன் இஸ்தோப்பு (விறாந்தை) வரைக்கும் 40 அடி நீளம், 3 அடி அகலத்தில் ஒரு பாதை போட வேண்டும். முதல் 25 அடி ஓரளவு சமம், அப்புறம் ஏற்றம். இப்போது வெறும் மண். மழை வந்தால் சறுக்கல், புல் வளர்ந்தால் அட்டை. கருங்கல் பலகை பதித்து மேலே பளபளப்பான சீலர் பூச்சு அடித்துவிட்டால் பாசியே பிடிக்காது, பத்து வருடத்துக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்று கடையில் சொல்கிறார்கள். மேசன், மண்ணை மட்டம் பண்ணி சாந்து போட்டு கல்லை வைத்தால் போதும் என்கிறார். செய்து பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

2024 ஜனவரி 9, இரவு 9.40

தம்பி, நான் செய்து பார்த்தவள். அந்தப் பளபள சீலரை வாங்காதீர்கள்.

நான் கொட்டகலைக்குக் கிட்ட. 2018இல் எங்கள் வீட்டுக்கும் இதே மாதிரிதான் பாதை போட்டோம். கல் நல்ல கல். மேலே அடித்தது கண்ணாடி மாதிரி படலமாக நிற்கும் அக்ரிலிக் சீலர். முதல் மாதம் பார்க்க அவ்வளவு அழகு, போகிறவர்கள் எல்லாம் நின்று பார்ப்பார்கள். மே மாதம் மழை பிடித்ததும் ஓரங்கள் பால் ஊற்றிய மாதிரி வெளுத்தன. அடுத்த வருடம் அந்த வெளுப்பின் மேலேயே பச்சைப் பாசி. 2019 ஜூலையில் அம்மா விளக்கு வைக்கப் பூப்பறிக்க இறங்கியவர் மூன்றாவது படியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். ஆறு வாரம் மாவுக்கட்டு. அந்தக் கை இன்னும் முழுதாக மடங்குவதில்லை.

அதனால்தான் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் சாப்பாட்டைக்கூட வைத்துவிட்டு எழுதுகிறேன். மீதி நாளைக்கு.

2024 ஜனவரி 10, காலை 5.50

சீலரில் இரண்டு ஜாதி இருக்கிறது, கடையில் இதைப் பிரித்துச் சொல்வதே இல்லை. ஒன்று கல்லின் மேலே தோல் மாதிரி படிவது. அக்ரிலிக், பொலியுறத்தேன் எல்லாம் இந்த இனம். மற்றது கல்லுக்குள் இறங்கி நுண்துளைகளின் சுவரில் ஒட்டிக்கொள்வது, சைலேன், சிலொக்சேன் என்று டின்னில் போட்டிருக்கும். தோல் படிகிற வகை மேலிருந்து தண்ணீரை விடாது, சரி, ஆனால் நம் மண்ணில் தண்ணீர் கீழிருந்து வருகிறது. மலைச் சரிவில் இருக்கிற எந்த வீட்டிலும் மழைக்காலம் முழுக்க மண் ஊறியபடி கிடக்கும். கல்லும் சாந்தும் அந்த ஈரத்தை உறிஞ்சி மேலே விடப் பார்க்கும், தோல் தடுக்கும், தோலுக்கு அடியில் ஈரம் தேங்கி வெளுக்கும், கடைசியில் உரியும். உள்ளே இறங்கும் வகை ஆவியை வெளியே விட்டுவிடும், கல்லின் நிறமும் பிடியும் பெரிதாக மாறாது.

பாசிக்கு இரண்டுமே மருந்து இல்லை. பாசி கல்லுக்குள் வேர் விட்டு வாழ்வதில்லை. மேலே படிந்த தூசி, நிழல், ஈரம் மூன்றும் இருந்தால் கண்ணாடி மேல்கூட வளரும்.

2024 ஜனவரி 10, மதியம் 1.20

மேசன் சொன்னதைப் பற்றி எழுத மறந்துவிட்டேன். "மண்ணை மட்டம் பண்ணி சாந்து போட்டால் போதும்", இதுதான் சீலரைவிடப் பெரிய பிரச்சினை.

எங்கள் அப்பா தோட்டத்தில் கல்லுக்கட்டு வேலை பார்த்தவர். மலைக்கு ஏறும் படிகள், ரோட்டோரத் தாங்கு சுவர், மதகு, எல்லாம் அந்தக் கூட்டத்தின் வேலை. தேயிலை மலைகளில் வெள்ளைக்காரர் காலத்துப் படிகள் எத்தனை இன்னும் நிற்கின்றன பாருங்கள். அநேகமானவற்றில் ஒரு கரண்டி சீமெந்து கிடையாது. கொழுந்துக் கூடையோடு தலைமுறை தலைமுறையாக ஏறி இறங்கியும் அசையவில்லை. அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு போனால் படியைக் காட்டமாட்டார், படிக்கு மேல் பக்கம் வெட்டியிருக்கும் கானைத்தான், தண்ணீர் ஓடும் வாய்க்காலைத்தான் காட்டுவார். "தண்ணி இங்க வர முன்னமே அந்தப் பக்கம் போயிருச்சு, பாத்தியா" என்பார்.

2018இல் அவர் உயிரோடு இல்லை. மேசனை நம்பி நானும் கானை விட்டுவிட்டேன். பாதைக்கு மேல் பக்கம் ஓர் அடி அகலம், ஓர் அடி ஆழத்தில் ஒரு கான் இருந்திருந்தால் எங்கள் கல்லில் பாதிப் பிரச்சினை வந்திருக்காது. ஆகவே தம்பி, முதல் வேலை கல் வாங்குவது இல்லை. ஒரு நல்ல மழை நாளில் குடையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே தேங்குகிறது, எங்கே போகிறது என்று பார்த்து முளை அடித்து வையுங்கள். அந்த முளைகளை வைத்துத்தான் பாதை எங்கே வளைய வேண்டும் என்றே தீர்மானிக்க வேண்டும்.

2024 ஜனவரி 11, இரவு 8.05

அளவு கேட்டிருக்கிறீர்கள். 40 அடிக்கு 3 அடி, 120 சதுர அடி.

அடித்தளம்: மேல் மண்ணை வேரோடு வழித்து, எட்டு ஒன்பது அங்குலம் தோண்டி, 4 அங்குலம் உடைகல்லும் தூளும் கலந்த ஏபிசி போட்டு இடிக்க வேண்டும். 40 கன அடி வருகிறது, இடித்தால் அமுங்கும் என்பதால் கால் பங்கு கூட்டி 50, அதாவது அரை கியூப். இரண்டு தடவையாகப் போட்டு இடியுங்கள், ஒரே தடவையில் நாலு அங்குலத்தையும் கொட்டி இடித்தால் மேலே மட்டும் இறுகும். இடிக்க மெஷின் கிடைக்காவிட்டால் மரக்கட்டையில் கைபிடி அடித்த திம்மிசு போதும், கை வலிக்கும், அவ்வளவுதான்.

சாந்து: 2 அங்குலக் கனம், சீமெந்து ஒன்றுக்கு மணல் ஐந்து. சீமெந்து மூன்றரை மூட்டை, இடைவெளி நிரப்பவும் கல்லின் முதுகில் பூசவும் சேர்த்து 5 மூட்டை. மணல் கால் கியூப்.

கல்: 2 அங்குலப் பலகை என்றால் ஏறக்குறைய ஒன்றரை தொன். உடைந்து போவதற்கும் வெட்டுக்கும் பத்தில் ஒரு பங்கு கூட எடுங்கள். வாங்கும் இடத்தில் புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்தின் அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். ஓயாவில் கிடக்கும் கல்லை அள்ளி வர வேண்டாம், சட்டப்படியும் தவறு, கரையும் இடிந்து போகும்.

சாய்வு: ரசமட்டம் வைத்து மூன்று அடி அகலத்துக்கு ஓர் அங்குலம், கான் இருக்கும் பக்கம் அல்ல, அதற்கு எதிர்ப்பக்கம். புத்தகங்களில் அறுபதுக்கு ஒன்று, எண்பதுக்கு ஒன்று என்று இருக்கும். அது அறுத்த மழமழப்பான கல்லுக்குச் சரி. பிளந்த கருங்கல்லில் மேடுபள்ளம் இருப்பதால் அந்தச் சாய்வில் தண்ணீர் நின்றுவிடும்.

2024 ஜனவரி 12, காலை 6.30

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். ஒன்றைத் திருத்த வேண்டும். 40 அடியும் ஒரே மாதிரி என்று கணக்குப் போட்டுவிட்டேன். உங்களுக்கு 25 அடி சமம், 15 அடி ஏற்றம். ஏற்றத்தில் சாய்வாகக் கல் பதிக்கக் கூடாது, படிதான். எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று அளந்து சொல்லுங்கள்.

இன்னொன்று, சமமான பகுதிக்குச் சாந்து வேண்டுமா என்றே இப்போது யோசிக்கிறேன். கல் மூன்று அங்குலத்துக்குக் குறையாத கனம், ஒவ்வொன்றும் ஒன்றரை அடிக்குக் குறையாத அகலம் என்றால், கால் அங்குலச் சிப்ஸ் கல்லை இரண்டு அங்குலம் பரப்பி அதன் மேலேயே உட்கார வைக்கலாம். தண்ணீர் இடையால் இறங்கிப் போகும். ஒரு கல் ஆடினால் அலவாங்கால் நெம்பி எடுத்துத் திரும்ப வைக்கலாம். சாந்தில் பதித்ததை உடைக்காமல் எடுக்க முடியாது. கல்தூளை மெத்தையாகப் போடாதீர்கள், அதில் மாவு அதிகம், ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மெல்லிய பலகை என்றால் மட்டும் சாந்து.

2024 ஜனவரி 12, இரவு 9.15

15 அடிக்கு 4 அடி ஏற்றம் என்கிறீர்கள். 48 அங்குலம். படிக்கு 6 அங்குல உயரம் வைத்தால் எட்டுப் படி. உயரத்தை இரட்டித்து மிதியை, அதாவது கால் வைக்கும் அகலத்தைக் கூட்டினால் 24, 25 அங்குலம் வர வேண்டும் என்பது பழைய கணக்கு, ஒரு காலடி வைக்கும் தூரம் அதுதான். 12 போனால் மிதி 13. எட்டுப் படிக்கு எட்டேமுக்கால் அடி போகிறது, மீதி ஆறடி சொச்சம். அதை எல்லாப் படிக்கும் பிரித்துக் கொடுக்காதீர்கள், ஒவ்வொரு படியிலும் ஒன்றரைக் காலடி வைக்க வேண்டி வரும், வயதானவர்கள் தடுமாறுவது அங்கேதான். நாலு படி, ஆறடித் தளம், திரும்ப நாலு படி. தளத்தில் ஒரு திண்ணைக் கல் வைத்தால் சாமான் பையை இறக்கி மூச்சு வாங்கலாம்.

எல்லாப் படியும் ஒரே உயரம் இருக்க வேண்டும். முக்கால் அங்குல வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, காலுக்குத் தெரியும்.

எல்லாவற்றுக்கும் அடியில் வரும் முதல் படிக்கு மட்டும் ஆறங்குலம் கொங்கிறீட் போட்டு, கிடைப்பதிலேயே பெரிய கல்லை வைத்துக் கட்டுங்கள். மேலே இருக்கும் அத்தனை பாரமும் அதன் மேல் சாய்ந்துதான் நிற்கும்.

2024 ஜனவரி 14, பகல் 11.00

கல் எப்படிப் பார்த்து எடுப்பது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

சுத்தியலால் தட்டுங்கள். மணி மாதிரி கணீரென்றால் நல்லது, பொத்தென்றால் உள்ளே வெடிப்பு. அப்புறம் பக்கவாட்டில் பாருங்கள். நம் மலையில் கிடைப்பது பெரும்பாலும் நைஸ் இனம், வரிவரியாக இருக்கும், அந்த வரி வழியாகத்தான் பலகையாகப் பிளக்கும். வரிகளில் மினுக்கு, அதாவது மைக்கா, தடித்துக் கிடந்தால் விடுங்கள். நாலு மழைக்காலம் போனதும் அப்பளம் மாதிரி தோல் தோலாகக் கழன்று வரும். சிவப்புப் புள்ளி போட்ட கல்லில் இருப்பது கார்னெட், அதில் இரும்பு உண்டு, சில கல்லில் துருக் கசிவு வரும். எனக்கு அந்த நிறம் பிடிக்கும். பிடிக்காதவர்கள் தவிர்க்கலாம்.

பச்சை கலந்த கரும் சாம்பல் நிறத்தில், வரி அதிகம் தெரியாமல் எண்ணெய் பூசிய மாதிரி இருந்தால் அது சார்னொக்கைட். பாதைக்கு அதைவிடச் சிறந்த கல்லை நான் பார்த்ததில்லை. கல்கத்தாவில் இருக்கும் ஜோப் சார்னொக் என்ற வெள்ளைக்காரரின் கல்லறைக் கல்லை வைத்து அந்தப் பெயர் வந்தது. அந்தக் கல் போனது சென்னைப் பரங்கிமலையில் இருந்து. நம் வாசல்படியும் பரங்கிமலையும் ஒரே இனம் என்று தெரிந்தபோது எனக்கு ஏனோ பெரிய சந்தோஷம்.

மாத்தளை, திகணைப் பக்கத்து வெள்ளைச் சலவைக்கல் அழகுதான், ஆனால் தேயிலை மண்ணுக்குப் பக்கத்தில் வேண்டாம். நம் மண் புளிப்பு மண், அதற்காகத்தானே தோட்டத்தில் டொலமைட் போடுகிறார்கள். அந்த டொலமைட்டும் இந்தச் சலவைக்கல்லும் ஒரே குடும்பம். புளிப்பு மண் அதைத் தின்னும். கல்லின் மேல் தேசிக்காய் பிழிந்து பாருங்கள், நுரைத்தால் சுண்ணாம்பு இனம்.

மாலைக்குள் வாசல் கழுவிக் கோலம் போட வேண்டும், நாளைக்குப் பொங்கல். எல்லோருக்கும் வாழ்த்து.

2024 ஜனவரி 17, மாலை 5.10

திருத்தம். தேசிக்காய்ச் சோதனை பற்றிப் பாதிதான் சொல்லியிருந்தேன். சுத்தச் சுண்ணாம்புக் கல் என்றால் உடனே நுரைக்கும். டொலமைட் கலந்த கல் அப்படி நுரைக்காது, பார்த்துவிட்டுக் கருங்கல் இனம் என்று நினைத்துவிடுவீர்கள். ஆணியால் சுரண்டிக் கொஞ்சம் தூளாக்கி அந்தத் தூளின் மேல் விட்டு, கண்ணைக் கிட்ட வைத்துப் பார்க்க வேண்டும், சின்னச் சின்னக் குமிழியாக மெதுவாக வரும். ஆணி சுலபமாகக் கீறினாலே சந்தேகப்படலாம், கருங்கல்லை ஆணி கீறாது.

2024 ஜனவரி 18, இரவு 7.45

இங்கிலாந்து வீடியோ பார்த்துவிட்டு, பனி உறைந்து நிலம் உப்பும், அதற்காக ஓர் அடி அடித்தளம் வேண்டும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நுவரெலியாவில் 1868 மீற்றர் உயரத்தில் ஜனவரி, பெப்ரவரி விடியலில் புல்லில் உறைபனி படிவது உண்மை, கொழுந்து கருகுவதும் உண்மை. வெயில் ஏறினால் போய்விடும், மண்ணுக்குள் இறங்காது. நமக்குக் கல்லைத் தூக்குவது பனி இல்லை, மழை. அடித்தளம் நாலு அங்குலம் போதும், ஊறிச் சேறாகும் மண் என்றால் ஆறு, அடியில் மண் வடிக்கும் துணி ஒன்று.

2024 ஜனவரி 21, காலை 9.30

எப்போது வேலை தொடங்குவது? ஊருக்கு ஊர் மாறும் கேள்வி இது. எங்கள் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, அப்போது கையே வைக்க முடியாது. உங்கள் ஊவாப் பக்கம் அந்த மாதங்களில் காற்றும் வறட்சியும், உங்களுக்கு மழை ஒக்டோபரில் இருந்து ஜனவரி வரை. பெப்ரவரி, மார்ச் முதல் பாதி, இரு பக்கத்துக்கும் நல்ல காலம். ஏப்ரலில் பின்னேரம் இடியோடு கொட்டும். நீங்கள் இந்த மாதம் கானை வெட்டி, அடித்தளம் போட்டு மழையில் ஊறவிடுங்கள், எங்கே அமுங்குகிறது என்று தெரிந்துவிடும். கல்லைப் பெப்ரவரியில் வையுங்கள். சீலர் என்று ஒன்று அடிப்பதானால் ஜூலை.

வட்டவளையில் இருந்து ஒரு அக்கா கேட்டிருந்தார். வருடத்துக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் ஊர் அது. அக்கா, சீலர் காசை மிச்சம் பிடித்து நல்ல கானும் முரட்டுக் கல்லும் போடுங்கள்.

2024 ஜனவரி 21, காலை 9.50

ஒன்று விட்டுவிட்டேன், முக்கியமானது. ஏற்றத்துக்கு வசதியாக இருக்கும் என்று மண்மேட்டின் அடியை நேராக வெட்டிவிடச் சொல்லி யாரோ உங்களுக்கு யோசனை சொல்லியிருக்கிறார்கள். வேண்டாம். அடியை வெட்டினால் மேடு தாங்க ஆளில்லாமல் நிற்கும். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தை மண்சரிவில் என்ன நடந்தது என்று உங்கள் மாவட்டத்தில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. மேட்டில் வெடிப்பு, சாய்ந்த மரம், புதிதாக ஊற்று, இருந்த ஊற்று கலங்குவது, இதில் ஒன்று தெரிந்தாலும் பாதையை மறந்துவிட்டுத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்குச் சொல்லுங்கள். மேட்டை வெட்டாமல் அதோடு வளைந்து போகிற பாதை இரண்டு கல் கூடச் சாப்பிடும், சாப்பிடட்டும்.

2024 பெப்ரவரி 11, இரவு 8.30

மேசனோடு தகராறு என்று எழுதியிருக்கிறீர்கள். கல்லுக்கு நாலு மூலையில் நாலு, நடுவில் ஒன்று என்று ஐந்து உருண்டைச் சாந்து வைத்து மேலே கல்லை அமுக்குகிறார், அப்படித்தானே? எங்கள் வீட்டிலும் அதுதான். வேலை வேகமாகப் போகும், மட்டம் பிடிப்பதும் சுலபம். ஆனால் உருண்டைகளுக்கு நடுவே வெற்றிடம். அதில் தண்ணீர் தேங்கும், எறும்பு குடியேறும், நடுவில் மிதித்தால் கல் கீறும். 2020இல் எங்கள் பாதையைப் பிரித்தபோது கல்லுக்கு அடியில் இருந்து கறுப்புத் தண்ணீர் வந்தது, மழை விட்டு ஒன்பது நாள் ஆகியிருந்தது.

சாந்தைத் தோசை மாதிரி முழுக்கப் பரப்ப வேண்டும். கல்லின் முதுகைத் தூசி போகக் கழுவி, சீமெந்தும் தண்ணீரும் மட்டும் குழைத்த பாலை பிரஷ்ஷால் பூசி, அது காயும் முன் உட்கார வைத்து ரப்பர் சுத்தியலால் தட்ட வேண்டும். நல்ல கருங்கல் தண்ணீரை உறிஞ்சாது, அதனால் சாந்து தானாக அதைப் பிடிக்காது. பால் பூசாத கல் இரண்டு வருடத்தில் தனியாகக் கழன்று வரும். முதல் கல்லை வைத்ததும் ஒருமுறை திருப்பி எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், முதுகு முழுக்க சாந்து ஒட்டியிருந்தால் அதே பதம். மேசனிடம் சண்டையாகச் சொல்லாமல், நீங்களும் ஒரு கல்லைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சொல்லுங்கள். பத்து மணிக்கு இஞ்சித் தேத்தண்ணீரும் கொடுங்கள், என் அனுபவத்தில் அதற்கு அப்புறம்தான் பேச்சு ஏறும்.

மணல்: ஒரு போத்தலில் பாதி மணல், மேலே தண்ணீர், நன்றாகக் குலுக்கி ஒரு இரவு வையுங்கள். மேலே படியும் மண் அடுக்கு மணலின் உயரத்தில் 8 சதவீதத்தைத் தாண்டினால் கழுவாமல் போடாதீர்கள். மினுமினுவென்று மைக்கா அதிகம் மிதந்தால் வேறு இடத்து மணல் எடுங்கள், சாந்து உதிரும்.

வைத்த பிறகு ஏழு நாள் ஈரச் சாக்கு. பெப்ரவரிக் காற்று வெயிலைவிட மோசம், சாந்தை ஒரே பின்னேரத்தில் காய வைத்து வெடிக்க விடும்.

2024 பெப்ரவரி 25, மாலை 4.00

வெள்ளை பூத்திருக்கிறது, அசிட் ஊற்றலாமா என்கிறார் மேசன். கூடாது, கூடாது. அது சாந்தில் இருக்கும் சுண்ணாம்பு தண்ணீரில் கரைந்து மேலே வந்து காற்றுப் பட்டு இறுகியது. காய்ந்த நாளில் நைலோன் பிரஷ்ஷால் தேய்த்துப் பெருக்கி அள்ளுங்கள், திரும்ப வரும், திரும்பத் தேயுங்கள், இரண்டு மூன்று மழையில் குறைந்துவிடும். இரும்பு பிரஷ் வேண்டாம், அதன் துகள் கல்லில் தங்கித் துருப் பிடிக்கும். அசிட் இடைவெளிச் சாந்தையும் அரிக்கும், கல்லில் உள்ள இரும்பையும் துருவாக வெளியே இழுக்கும், அந்த மஞ்சள் அப்புறம் போகவே போகாது.

2024 மார்ச் 3, இரவு 9.00

2020இல் நாங்கள் என்ன செய்தோம் என்று கேட்டவர்களுக்கு.

சீலர் தோலை ஸ்ட்ரிப்பர் போட்டு உரித்தோம், கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு ஐந்து நாள். நெடி தாங்க முடியவில்லை. உரித்த பிறகும் படிகள் வழுக்கின. அறுத்த கல், வழுவழுவென்று இருந்தது. மாற்றக் காசு இல்லை.

அப்போதுதான் பீலிக்கரை நினைவுக்கு வந்தது. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், இருந்தபோது நாங்கள் குளித்த, துணி துவைத்த பீலிக்கரைக் கல் இருபத்துநாலு மணி நேரமும் ஈரம், சவர்க்காரம் வேறு, ஆனாலும் நான் அங்கே ஒருநாளும் வழுக்கியதில்லை. போய்ப் பார்த்தேன், இன்னும் இருக்கிறது. கல் முழுக்க உளியால் கொத்திய புள்ளி. அம்மி கொத்துவது மாதிரியே.

எங்கள் ஊருக்கு வருடத்துக்கு ஒருமுறை அம்மி, ஆட்டுக்கல் கொத்துகிற ஐயா ஒருவர் வருவார். எல்லோரும் மிக்ஸிக்கு மாறியதில் அவருக்கு வேலையே இல்லை. அவரைத் தேடிப் பிடித்துக் கூட்டி வந்தேன். ஏழு படியையும் இரண்டரை நாளில் கொத்திக் கொடுத்தார். விளிம்பில் மூன்று அங்குலம் நெருக்கமாக, உள்ளே கொஞ்சம் தள்ளித் தள்ளி. கேட்காமலே செய்தார், கால் ஊன்றுவது விளிம்பில்தானே என்றார். அம்மா கை வைத்துத் தடவிப் பார்த்துவிட்டு, நம்ம பழைய அம்மி மாதிரியே இருக்கு என்றார். இப்போது அந்தப் படிகளில் பாசி வந்தாலும் வழுக்குவதில்லை. உங்கள் ஊரில் இப்படி ஒருவர் இருந்தால் அவருக்கு வேலை கொடுங்கள். சந்தையில் விற்கும் எந்த டின்னையும்விட அந்த உளிக்கு நான் காசு கொடுப்பேன்.

2024 மார்ச் 4, காலை 6.10

அவர் இருக்கும் இடத்தைக் கேட்டு ஆறு பேர் எழுதியிருக்கிறீர்கள். அவர் அனுமதி இல்லாமல் பொதுவில் போட மாட்டேன். அடுத்த தடவை வரும்போது கேட்கிறேன்.

2024 ஏப்ரல் 20, மாலை 6.40

பாசி. நிழல் கொடுக்கும் கொப்பை வெட்டுங்கள், எங்கள் வீட்டில் சவுக்கு மரத்தின் இரண்டு கொப்பை இறக்கியதுமே பாதி குறைந்தது. வாரம் ஒருமுறை தும்புத்தடியால் ஈரத்தோடு தேய்த்துப் பெருக்குங்கள். மிஞ்சினால் ப்ளீச், ஒன்றுக்குப் பத்து தண்ணீர், மழை இல்லாத நாளில், பத்து நிமிடம் விட்டுக் கழுவ வேண்டும், ரோஜாச் செடிப் பக்கம் ஓட விடாமல். கார்னெட் கல்லில் போடாதீர்கள், துரு கிளம்பும். அசிட்டோடு ப்ளீச்சைச் சேர்க்கவே கூடாது, குளோரின் வாயு வரும், ஆள் செத்துப் போகலாம். ஒன்றை ஊற்றிய இடத்தில் அன்றைக்கே மற்றதையும் ஊற்றக் கூடாது.

2024 ஜூலை 6, இரவு 8.20

தம்பி, படங்கள் பார்த்தேன். தளத்துத் திண்ணைக் கல்லும் அதில் உட்கார்ந்திருக்கும் பாட்டியும், சந்தோஷமாக இருந்தது.

இப்போது சீலர். வாங்கும் முன் ஒரு சோதனை. காய்ந்த கல்லில் ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் பொறுங்கள். துடைத்ததும் கல் கறுத்திருக்கவில்லை என்றால் அது குடிக்காத கல், சீலர் அதற்குள் போகவே போகாது, மேலே பிசுபிசுத்து நிற்கும். கறுத்தால் மட்டும் உள்ளே இறங்கும் வகை. அப்புறம் ஒரு பொலிதீன் துண்டை நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு இரவு விடுங்கள், காலையில் அடியில் துளி கோத்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, காத்திருங்கள். அடித்த பின் குடிக்காமல் நிற்பதைக் காயும் முன் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், ஒரு நாள் மழை படக் கூடாது. தண்ணீர் முத்து முத்தாகத் திரள்வது நின்றுபோனால் திரும்ப அடிக்கலாம், இரண்டு மூன்று வருடம் வரும்.

2024 ஜூலை 9, காலை 6.00

உங்கள் கல் கறுக்கவில்லை, சாந்து இடைவெளி மட்டும் கறுத்தது என்கிறீர்கள். அப்படியானால் கல்லுக்கு வேண்டாம். இடைவெளிக்கு மட்டும் சின்ன பிரஷ்ஷால் அடியுங்கள், சின்ன டின்னே போதும். கடைக்காரர் பெரிய டின்னைக் காட்டினால் வாங்காதீர்கள்.

2024 ஓகஸ்ட் 18, மாலை 5.30

ஐந்தாவது படியில் ஒரு கல் தட்டினால் பொத்தென்கிறது என்று எழுதியிருந்தீர்கள். ஆடுகிறதா? ஆடாவிட்டால் விட்டுவிடுங்கள், ஒக்டோபர் மழையைத் தாண்டட்டும். ஆடினால் இப்போதே எடுத்து முழுச் சாந்தில் வையுங்கள், உங்களுக்கு இன்னும் ஆறு வாரம் மழையில்லாத காலம் இருக்கிறது.

இங்கே இன்றைக்குக் காலையில் இருந்து விடாத மழை. கானில் சவுக்கு இலை அடைத்துத் தண்ணீர் படி மேல் ஏறத் தொடங்கியிருந்தது, சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு போய் இரண்டு கூடை அள்ளினேன். திரும்பி வரும்போது அம்மா பூக்கூடையோடு மூன்றாவது படியில் நிற்கிறார், ஒரு கையில் குடை. கத்தப் போனேன். அவர் ஒரு படி இறங்கிச் செம்பருத்தியை எட்டிப் பறித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.